எம்.ஜி.ஆர்.: ஏட்டில் இல்லாத கொள்கை

கொள்கை என்னும் சொல் 'கொள்' என்னும் வேரினின்று பிறந்தது. மனத்துள் கொண்டு நெகிழவிடாது பற்றி நிற்பது எதுவோ அதுவே கொள்கை. பழந்தமிழ் நூல்களில் இச்சொல் ஒழுக்கத்தையும் நோன்பையும் குறித்து வழங்கியது. அரசியல் கட்சிகள் தோன்றிய இருபதாம் நூற்றாண்டில் அது ஏட்டில் அச்சிட்டு வெளியிடும் திட்டங்களின் தொகுப்பையும் குறிக்கலாயிற்று. பழம்பொருளில் கொள்கை ஒருவரது நடத்தையில் விளங்குவது. புதுப்பொருளில் அது அறிக்கையில் அமைவது. இவ்விரு பொருள்களுக்கும் இடையே உள்ள தொலைவைத் தமிழக வரலாற்றில் மிகுதியாக உணர்த்தும் வாழ்வு எம்.ஜி. இராமச்சந்திரன் அவர்களுடையது. திரையுலகிலிருந்து அரசியலுக்கு வந்து மூன்று பொதுத் தேர்தல்களில் தொடர்ந்து வென்ற அவர்மீது ஒரு குற்றச்சாட்டு ஓயாது கூறப்பட்டது. அவருக்குப் புகழ் உண்டு, கொடை உண்டு, தெளிவான கொள்கை இல்லை என்பதே அது. அன்பர்கள் அதனைப் பொறாமை என்று தள்ளினர். எதிர்ப்பாளர்கள் அதுவே முடிந்த தீர்ப்பு என்று கொண்டனர். இரண்டையும் விடுத்து அவரது வாழ்வைத் தொடக்கம் முதல் நோக்கினால் உண்மை ஓரளவு புலப்படும்.

பசியும் நாடக மேடையும்

எம்.ஜி.ஆர். 1917-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 17-ஆம் நாள் இலங்கையில் கண்டியை அடுத்த நாவலப்பிட்டியில் பிறந்தார். தந்தையார் மருதூர் கோபாலமேனன், தாயார் சத்தியபாமா. குடும்பம் கேரளத்தைச் சேர்ந்தது. குழந்தைப் பருவத்திலேயே அவர் தந்தையை இழந்தார். சக்கரபாணி, இராமச்சந்திரன் என்னும் இரு மைந்தரையும் அழைத்துக்கொண்டு தாயார் கும்பகோணத்திற்கு வந்து சேர்ந்தார். அங்கு ஆனையடிப் பள்ளியில் இராமச்சந்திரன் மூன்றாம் வகுப்பு வரை பயின்றார். அதற்குமேல் படிக்க வைக்கக் குடும்பத்தின் வறுமை இடந்தரவில்லை. உடன்பிறந்தார் இருவரும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் நாடகக் கம்பெனியில் சேர்ந்தனர்.

அக்காலத்துப் பாய்ஸ் கம்பெனிகள் ஏழைச் சிறுவர்க்குக் குருகுலமாகவும் உணவு விடுதியாகவும் விளங்கின. பாடவும் ஆடவும் வாட்போர் புரியவும் அங்கே பயிற்சி கிடைத்தது. அதனினும் முதன்மையாக மூன்று வேளைச் சோறு கிடைத்தது. கலை வேட்கையைக் காட்டிலும் வயிற்றுப் பசியே அச்சிறுவரை மேடைக்கு அனுப்பிற்று. இச்செய்தியை எம்.ஜி.ஆர். பிற்காலத்தில் மறைத்ததில்லை. ஆனந்த விகடனில் தொடராக வெளிவந்த 'நான் ஏன் பிறந்தேன்' என்னும் தன்வரலாற்றிலும் மேடைகளிலும் தம் இளமை வறுமையைத் திரும்பத் திரும்பப் பேசினார்.

1936-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'சதி லீலாவதி'யில் சிறு வேடத்தில் அவர் முதன்முதலாகத் திரையில் தோன்றினார். தலைமை நாயகனாக நடித்த 'ராஜகுமாரி' 1947-இல்தான் வெளிவந்தது. இடைப்பட்ட பதினோர் ஆண்டுகள் துணை வேடங்களிலும் காத்திருப்பிலும் கழிந்தன. முப்பது வயதில் நாயகனானவருக்குப் புகழ் ஓரிரவில் வந்ததன்று என்பதை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். ஒவ்வோர் அடியையும் அளந்து வைக்கும் இயல்பும், தம் தோற்றம் மக்களிடையே எவ்வாறு படிகின்றது என்பதை நுணுகிப் பார்க்கும் பழக்கமும் இக்காலத்தில் அவரிடம் வேரூன்றின எனலாம்.

திரையும் கழகமும்

தொடக்கத்தில் கதர் உடுத்திக் காங்கிரசுச் சார்புடன் இருந்த எம்.ஜி.ஆர்., அறிஞர் அண்ணாவின் எழுத்தாலும் பேச்சாலும் ஈர்க்கப்பட்டு 1950-களின் தொடக்கத்தில் திராவிட முன்னேற்றக் கழகத்தில் சேர்ந்தார். மு. கருணாநிதியின் உரையாடல்களுடன் வெளிவந்த 'மந்திரி குமாரி' (1950), 'மலைக்கள்ளன்' (1954) ஆகிய படங்கள் அவருக்கு உறுதியான இடத்தைத் தந்தன. கழகம் மேடையிலும் ஏட்டிலும் சொன்னதைத் திரை பட்டிதொட்டிகளுக்குக் கொண்டு சென்றது. எழுத்தறியாதவர் மிகுந்திருந்த நாட்டில் கீற்றுக் கொட்டகைகள் அரசியல் பள்ளிகளாயின.

1958-இல் அவரே தயாரித்து இயக்கிய 'நாடோடி மன்னன்' இவ்வகையில் தனித்துக் குறிக்கத்தக்கது. மன்னனும் நாடோடியுமாக இரு வேடங்களில் அவர் நடித்த அப்படத்தில், எளிய குடியில் வந்த வீராங்கன் மன்னனின் இடத்தில் அமர்கின்றான். அமர்ந்தபின் உழைப்பவர்க்கும் ஏழைகட்கும் ஆதரவான ஆணைகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பிறப்பிக்கின்றான். பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் போன்ற பொதுவுடைமை நெஞ்சம் கொண்ட கவிஞர்கள் அதற்குப் பாட்டெழுதினர். பிற்காலத்தில் தெளிவான திட்டம் இல்லாதவர் என்று விமரிசிக்கப்பட்டவர், ஆட்சிக்கு வருவதற்குப் பத்தொன்பது ஆண்டுகட்கு முன்பே திரையில் ஒரு திட்ட அறிக்கையை வெளியிட்டிருந்தார் என்பது எண்ணத்தக்கது. ஆயினும் அவ்வாணைகள் மன்றங்களில் விவாதித்து உருவானவையல்ல. நல்ல மன்னன் ஒருவன் தன் நெஞ்சிலிருந்து வழங்குபவை. பிற்காலத்து ஆட்சியின் வலிமையும் மெலிவும் இவ்வொரு காட்சியிலேயே வித்தாக அடங்கியிருந்தன.

'தொழிலாளி', 'படகோட்டி', 'விவசாயி', 'ரிக்சாக்காரன்' எனப் படப் பெயர்களே உழைக்கும் மக்களின் பட்டியலாக அமைந்தன. திரையில் அவர் தாயைப் போற்றினார்; பெண்களைக் காத்தார்; குடியை வெறுத்தார். திரைக்கு வெளியே ரிக்சாத் தொழிலாளர்க்கு மழைக்கோட்டு வழங்கினார். தீ விபத்தும் வெள்ளமும் நேர்ந்த இடங்களுக்குப் பொருளுதவி அனுப்பினார். நடிப்பும் வாழ்வும் ஒன்றே என்னும் நம்பிக்கை மக்கள் நெஞ்சில் இவ்வாறு வளர்ந்தது. ரசிகர் மன்றங்கள் கழகக் கிளைகளோடு இணைந்து இயங்கின.

1962-இல் சட்ட மேலவை உறுப்பினரான அவர் இரண்டாண்டில் அப்பதவியைத் துறந்தார். 1967 சனவரி 12-ஆம் நாள் இராமாவரம் இல்லத்தில் நடிகர் எம்.ஆர். இராதாவின் துப்பாக்கிக் குண்டு அவர் கழுத்தைத் துளைத்தது. கழுத்தில் கட்டுடன் மருத்துவமனைப் படுக்கையிலிருந்த அவர் படம் சுவரொட்டிகளாக ஊரெங்கும் ஒட்டப்பெற்றது. மறுமாதம் நடந்த தேர்தலில் பரங்கிமலைத் தொகுதியில் நேரில் வாக்குக் கேளாமலே வென்றார். தி.மு.க. ஆட்சியைப் பிடித்தது. குண்டுக் காயத்தால் அவர் குரலின் தெளிவு குறைந்தது. உரையாடலால் வாழும் நடிகருக்கு அது பேரிழப்பு. மக்களோ அக்குரலையும் ஏற்றுக்கொண்டனர். சொல்லின் தெளிவைக் காட்டிலும் சொல்பவர்மீது கொண்ட பற்றே அவர்கட்குப் பெரிதாக இருந்தது. அரசியலிலும் பின்னர் அதுவே நிகழ்ந்தது.

பிரிவும் அண்ணாயிசமும்

1969 பிப்ரவரி 3-ஆம் நாள் அண்ணா மறைந்தார். கருணாநிதி முதலமைச்சரானார், எம்.ஜி.ஆர். கழகப் பொருளாளரானார். 1971 தேர்தல் வெற்றிக்குப் பின் இருவரிடையே இடைவெளி பெருகிற்று. அவ்வாண்டு தி.மு.க. அரசு மதுவிலக்கைத் தள்ளிவைத்தது அவருக்கு உடன்பாடாக இல்லை. 1972 அக்டோபரில் திருக்கழுக்குன்றக் கூட்டத்தில், கட்சிப் பொறுப்பாளர்கள் தம் சொத்துக் கணக்கைக் காட்டவேண்டும் என்னும் கருத்தை வெளிப்படையாக முன்வைத்தார். அக்டோபர் 10-ஆம் நாள் தற்காலிகமாகவும் சில நாட்களில் நிலையாகவும் கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். அக்டோபர் 17-ஆம் நாள் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் தோன்றியது.

புதிய கட்சி பிறந்த கணமே கொள்கை வினாவும் உடன் பிறந்தது. தாய்க் கழகத்திற்கு நெடிய கொள்கை வரலாறு இருந்தது. 1963-இல் கைவிடும் வரை திராவிட நாட்டுக் கோரிக்கை. தொடர்ந்து இந்தித் திணிப்பு எதிர்ப்பு. பின்னர் மாநில சுயாட்சி. ஒப்பினும் மறுப்பினும் இன்னதுதான் என்று சுட்டிக்காட்டத்தக்கவை அவை. ஊழலை எதிர்த்தும் கணக்குக் கேட்டும் பிறந்த கட்சிக்கு அவ்வாறு சுட்டத்தக்கது யாது என்று செய்தியாளர்கள் வினவினர். 1973-இல் எம்.ஜி.ஆர். அண்ணாயிசம் என்னும் பெயரை முன்வைத்தார். காந்தியம், பொதுவுடைமை, முதலாளித்துவம் ஆகிய மூன்றிலும் உள்ள நல்லவற்றின் சேர்க்கை அது என்று விளக்கம் தரப்பட்டது.

இவ்விளக்கம் கடும் நகைப்பிற்கு ஆளாயிற்று. தனியுடைமையை ஒழிக்க முனையும் பொதுவுடைமையும் அதனைப் போற்றி வளர்க்கும் முதலாளித்துவமும் ஓர் உறையில் எவ்வாறு அடங்கும் என்று இடதுசாரிகள் கேட்டனர். அண்ணாவின் பெயரை வைப்பதே கொள்கையாகிவிடுமா என்று தி.மு.க.வினர் கேட்டனர். பகுத்தறிவு இயக்கத்தின் வழித்தோன்றலாகிய கட்சியின் தலைவர் கொல்லூர் மூகாம்பிகையை வழிபட்டதும் சுட்டிக்காட்டப்பட்டது. இவ்வினாக்கள் எவையும் அற்பமானவை அல்ல. அண்ணாயிசத்திற்கு விரிவான நூல் வடிவமோ, பொருளாதாரத் திட்டமோ, முரண்பாடுகளுக்கு விடையோ அளிக்கப்படவில்லை. கோட்பாடு என்னும் அளவுகோலால் அளந்தால் குற்றச்சாட்டு பழுதற்றது என்றே ஒப்புக்கொள்ளல் வேண்டும்.

மக்கள் வேறோர் அளவுகோல் கொண்டு அளந்தனர். கட்சி தோன்றி ஏழு திங்களில், 1973 மே மாதம், திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தலில் இரட்டை இலைச் சின்னத்தில் நின்ற மாயத்தேவர் வென்றார். ஆளுங்கட்சி மூன்றாம் இடத்திற்குத் தள்ளப்பட்டது. அண்ணாயிசத்தின் இலக்கணம் யாது என்று அங்கே வாக்களித்த எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

திசை மாறிய ஆணைகள்

1975-இல் பிறப்பிக்கப்பட்ட நெருக்கடி நிலையை எம்.ஜி.ஆர். ஆதரித்தார். 1976-இல் கட்சியின் பெயருக்கு முன் அனைத்திந்திய என்னும் அடையும் சேர்ந்தது. 1977 மார்ச்சு மாத மக்களவைத் தேர்தலில் இந்திரா காந்தியின் காங்கிரசுடன் கூட்டு. சூன் மாதச் சட்டமன்றத் தேர்தலில் மார்க்சிய பொதுவுடைமைக் கட்சியுடன் கூட்டு. 130 இடங்களை வென்று 1977 சூன் 30-ஆம் நாள் அவர் முதலமைச்சரானார். மையத்தில் சனதா ஆட்சி அமைந்தபோது அதனுடன் இணக்கம். 1979-இல் சரண்சிங் அமைச்சரவையில் கட்சியினர் இருவர்க்கு இடம். 1980-இல் இந்திராவை எதிர்த்துப் போட்டி. 1984-இல் மீண்டும் காங்கிரசுடன் கூட்டு. தில்லியில் எவர் அமர்ந்திருப்பினும் மாநிலத்திற்கும் தம் ஆட்சிக்கும் ஊறு நேராது காத்தல் என்பதன்றி வேறொரு நெறியை இதனுள் காண்பது அரிது.

கொள்கைத் தெளிவின்மையால் நேர்ந்த பெரிய இடர் 1979-இல் வந்தது. பிற்படுத்தப்பட்டோர் இட ஒதுக்கீட்டிற்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்னும் வரம்பை அவ்வாண்டு சூலையில் அரசு விதித்தது. ஏழைகளுக்கே பயன் சேரட்டும் என்னும் எண்ணம் அதன் பின்னே இருந்தது. சாதியால் விளைந்த இழிவைப் பொருளியல் அளவையால் அளத்தல் ஆகாது என்று திராவிடர் கழகமும் பிறரும் எதிர்த்தனர். இட ஒதுக்கீடு வறுமை ஒழிப்புத் திட்டமா, சமூக நீதித் திட்டமா என்பது திராவிட இயக்கத்தில் ஐம்பது ஆண்டுகட்கு முன்பே விடை காணப்பட்ட வினா. அதனை ஆணை பிறப்பித்த பின்பே அரசு எதிர்கொண்டது. 1980 சனவரி மக்களவைத் தேர்தலில் தமிழகத்தின் 39 இடங்களில் அ.தி.மு.க. இரண்டில் மட்டுமே வென்றது. உடனே வருமான வரம்பு நீக்கப்பட்டது. அதனோடு பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீடு 31 விழுக்காட்டிலிருந்து 50 விழுக்காடாக உயர்த்தவும் பட்டது. ஆறு திங்களில் ஓர் அரசு முற்றிலும் எதிர்த்திசையில் திரும்பியது.

இதனைக் கொள்கையற்ற தடுமாற்றம் என்றும் கூறலாம்; மக்கள் குரலுக்குச் செவிசாய்க்கும் பணிவு என்றும் கூறலாம். இரண்டும் உண்மையே. திருத்திக்கொள்ளும் மனம் பாராட்டிற்குரியது. ஆனால் அத்திருத்தத்திற்கு ஒரு தேர்தல் தோல்வி வேண்டியிருந்தது என்பதையும் மறத்தலாகாது. 1980 பிப்ரவரியில் அவர் அரசு கலைக்கப்பட்டது. மே மாதத் தேர்தலில் 129 இடங்களைப் பெற்று மீண்டும் வந்தார்.

மதுவிலக்கின் கதையும் இத்தகையதே. கழகத்தை விட்டுப் பிரிந்ததற்கு ஒரு காரணமாகவும் பெண்களின் வாக்கிற்கு அடிப்படையாகவும் இருந்த மதுவிலக்கை அவரது அரசே தளர்த்தி, 1981-இல் கள், சாராயக் கடைகளைத் திறந்தது. 1983-இல் மது வணிகத்திற்கென டாஸ்மாக் என்னும் அரசு நிறுவனமும் உருவாயிற்று. திரையில் மதுக் கோப்பையைத் தொடாதவரின் ஆட்சிக்கு மது வருவாய் ஒரு தூணாயிற்று. ஏழைகளிடமிருந்து விற்பனை வரியாகவும் மது வரியாகவும் பெற்றதன் ஒரு பகுதியே ஏழைகளுக்கு நலத்திட்டமாகத் திரும்பியது என்று ஆய்வறிஞர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார். அவ்வாதத்தின் கூர்மை இன்னும் மழுங்கவில்லை.

மாற்றுக் குரல்களிடம் அவ்வாட்சி காட்டிய கடுமையையும் சொல்லாது விடலாகாது. 1980-இல் வட ஆர்க்காடு, தர்மபுரி மாவட்டங்களில் நக்சலைட்டுகள்மீது காவல்துறை மேற்கொண்ட வேட்டையும், உழவர் போராட்டங்களின்மீது நடந்த துப்பாக்கிச் சூடுகளும் ஆறாத வடுக்களாயின. 1987-இல் ஓர் அட்டைப்படக் கேலிச்சித்திரத்திற்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தது. கண்டனம் எழவே சில நாளில் அவர் விடுவிக்கப்பட்டார். ஏட்டில் எழுதிய கொள்கை இருப்பின் அதனைக் காட்டி அரசை விமரிசிக்க இயலும். அது இல்லாதவிடத்து எல்லா விமரிசனமும் தலைவரைப் பழிப்பதாகவே கொள்ளப்படும். கொள்கைத் தெளிவின்மையின் பெருங்கேடு இதுவே.

எனினும் நிலைத்த சீர்திருத்தங்களும் அவ்வாட்சியில் உண்டு. தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களின் உரிமையாக இருந்த கர்ணம், மணியம் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டன. தேர்வு வழியே அமர்த்தப்பெறும் கிராம நிருவாக அலுவலர் பதவி அவ்விடத்தில் வந்தது. நிலப் பதிவேடு எவர் கையில் உள்ளதோ அவர் கையில் ஊர் இருந்த காலத்தை அறிந்தோர், எவ்வித ஆரவாரமும் இன்றி நிகழ்ந்த இம்மாற்றத்தின் ஆழத்தை உணர்வர்.

சத்துணவு

1982 சூலை முதல் நாள் திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பள்ளிகளில் மதிய உணவு அளிக்கும் எண்ணம் புதியதன்று. நீதிக்கட்சிக் காலத்தில் சென்னை மாநகராட்சிப் பள்ளியில் அது முளைவிட்டது. 1956-இல் காமராசர் அதனை மாநிலத் திட்டமாக வளர்த்தார். எம்.ஜி.ஆர். செய்தது அதன் அளவை மாற்றியமைத்ததாகும். ஊர்ப்புறங்களில் பள்ளி செல்லும் சிறுவர்களோடு பள்ளி செல்லாத இரண்டு வயது முதலான குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். செப்டம்பரில் நகரங்களுக்கும், 1984-இல் பதினைந்து வயது வரையிலான மாணவர்களுக்கும் திட்டம் விரிந்தது. தொடக்க நிலையிலேயே ஏறத்தாழ 60 இலட்சம் குழந்தைகள் இதன்கீழ் வந்தனர்.

இதற்கு எழுந்த எதிர்ப்பு சிறிதன்று. கருவூலம் தாங்காது என்று நிதித் துறையினர் தயங்கினர். தொழிலும் பாசனமும் வளர்க்க வேண்டிய பணத்தைச் சோறாக்கி அழிக்கலாமா என்று பொருளியலார் வினவினர். வாக்குக்கு இட்ட உணவு என்று எதிர்க்கட்சியினர் இகழ்ந்தனர். கொள்கையில்லாத கவர்ச்சி அரசியலுக்கு இதனையே சான்றாகக் காட்டினோரும் உளர். வழக்கமாக எதிர்ப்பின்முன் வளைந்து கொடுத்த எம்.ஜி.ஆர். இவ்விடத்தில் வளையவில்லை என்பதே கவனத்திற்குரியது. வருமான வரம்பில் திரும்பியவர், மதுவிலக்கில் திரும்பியவர், கூட்டணிகளில் பன்முறை திரும்பியவர், குழந்தைகளின் சோற்றில் திரும்பவில்லை. கும்பகோணத்தில் பசித்த சிறுவன் முதலமைச்சருக்குள் இருந்து அந்த ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மறுத்தான் போலும். பழந்தமிழ்ப் பொருளில் கொள்கை என்று கூறத்தக்கது அவரிடம் இருந்தது எனின் அது இதுவே.

உணவளித்தலை உயிரளித்தலோடு ஒப்பவைத்துப் போற்றியவை புறநானூறும் மணிமேகலையும். ஆனால் அமுதசுரபி மணிமேகலையின் கையில் இருந்தவரைதான் சுரந்தது. சத்துணவு அவ்வாறன்று. ஒவ்வொரு மையத்திற்கும் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என மூவர், குழந்தைக்கு இவ்வளவு அரிசி, இவ்வளவு பருப்பு என்னும் அளவு, பதிவேடு, ஆய்வு, வரவுசெலவுத் திட்டத்தில் தனி ஒதுக்கீடு. அப்பணிகளில் கைம்பெண்களும் ஆதரவற்ற மகளிரும் பெருமளவில் அமர்த்தப்பெற்றனர். ஒரு மனிதரின் ஈர நெஞ்சு இவ்வாறு ஒரு நிறுவனமாயிற்று. எல்லாச் சாதிக் குழந்தைகளும் ஒரே வரிசையில் அமர்ந்து, ஒரே அடுப்பில் வெந்ததை உண்டன. எத்தனையோ மேடைகள் சொல்லியும் நடவாத ஒன்று அந்த வரிசையில் நாள்தோறும் ஓரளவேனும் நடந்தது.

தமிழுக்குச் செய்தவை

பெரியார் தம் ஏடுகளில் நெடுங்காலமாகக் கையாண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு ஆணையாக்கியது. ணா, றா, னா, லை, ளை முதலிய பதின்மூன்று எழுத்துகள் புது வடிவம் பெற்றன. இத்தொகுப்பு மலரின் ஒவ்வொரு வரியும் அவ்வாணையின்படியே அச்சாகின்றது. 1981 சனவரியில் மதுரையில் ஐந்தாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றது. அவ்வாண்டே தஞ்சையில் தமிழ்ப் பல்கலைக்கழகம் தோன்ற, வ.அய். சுப்பிரமணியம் அதன் முதல் துணைவேந்தரானார். மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர் மொழிக்கெனப் பல்கலைக்கழகம் கண்டார். 1984-இல் கொடைக்கானலில் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகமும் எழுந்தது. எழுத்துச் சீர்திருத்தமும் சத்துணவைப் போன்றே ஆணையாகி, பாடநூலாகி, பழக்கமாகி நிலைத்துவிட்டது. இன்று அதனை எவரும் ஒரு கட்சியின் கொள்கை என்று கருதுவதில்லை. தமிழ் எழுத்து என்றே கருதுகின்றனர்.

இறுதிக் காலம்

1984 அக்டோபரில் சிறுநீரகம் செயலிழந்து எம்.ஜி.ஆர். சென்னையில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். பக்கவாதமும் தாக்கிற்று. நவம்பரில் நியூயார்க்கு நகரின் புரூக்ளின் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கே மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பெற்றார். அந்நிலையிலேயே திசம்பரில் தேர்தல் வந்தது. மருத்துவமனையில் அவர் இருந்த காட்சிகள் ஊர்தோறும் திரையிடப்பட்டன. ஆண்டிப்பட்டியில் அவர் வென்றார். கட்சி 132 இடங்களைப் பிடித்தது. ஒரு சொல்லும் பேசாமல் ஒரு தலைவர் மாநிலத்தை வென்ற நிகழ்ச்சி அது.

1985 பிப்ரவரியில் திரும்பி மூன்றாம் முறை பதவியேற்றார். பேச்சு முழுமையாக மீளவில்லை. கோப்புகள் தேங்கின, கட்சிக்குள் அணிகள் முளைத்தன. தமக்குப் பின் யார் என்பதற்கும், தமக்குப் பின் எது என்பதற்கும் அவர் விடை வைக்கவில்லை. 1987 திசம்பர் 24-ஆம் நாள் அதிகாலை அவர் மறைந்தார். சென்னை கண்ணீரில் மூழ்கிற்று. துயரந் தாளாது உயிர் நீத்தோரும் உண்டு. அண்ணாவின் துயிலிடத்திற்கு அருகே கடற்கரையில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது. 1988-இல் பாரத ரத்னா விருது அவருக்கு வழங்கப்பட்டது.

சனவரியில் அவர் துணைவியார் ஜானகி முதலமைச்சரானார். அவ்வாட்சி ஒரு திங்கள்கூட நிலைக்கவில்லை. கட்சி இரண்டாகப் பிளந்து, இரட்டை இலைச் சின்னமும் முடக்கப்பட்டது. பிளவுபட்டோர் எவரும் அண்ணாயிசத்தின் பொருள்பற்றி வழக்கிடவில்லை. தலைவரின் உண்மையான வாரிசு யார் என்பதே வழக்காயிருந்தது. 1972-இல் எழுந்த கொள்கை வினாவுக்குக் காலம் தந்த கசப்பான விடை அது.

நிறையும் குறையும்

ஒருவரது நிறைகளையும் குறைகளையும் தனித்தனியே எண்ணி, மிகுந்தது எது என்று கண்டு தெளிதல் வேண்டும் என்பது வள்ளுவர் காட்டும் நெறி. அந்நெறியில் எம்.ஜி.ஆரை அளக்கும்போது இரு பட்டியல்கள் கிடைக்கின்றன.

அவர் சொல்லி நின்றவை ஒரு பட்டியல். அண்ணாயிசம் அவரோடு மறைந்தது. இன்று அது ஆய்வாளர் நினைவில் மட்டும் வாழ்கின்றது. மதுவிலக்கு உறுதி அவர் காலத்திலேயே தளர்ந்தது. தலைவரின் திருவுருவே கட்சியாக இருக்கும் வழக்கமோ அவருக்குப் பின்னும் தமிழக அரசியலில் தங்கிவிட்டது. கொள்கையைக் கேட்பவரைப் பகைவர் எனக் காணும் மனப்பான்மை அதனோடு ஒட்டி வளர்ந்தது. அது அவர் விட்டுச்சென்ற குறை.

நிறுவனமாக்கி வைத்தவை மற்றொரு பட்டியல். 1989-இல் ஆட்சிக்கு வந்த அவரது அரசியல் எதிரிகள் சத்துணவை நிறுத்தவில்லை. அதில் முட்டையைச் சேர்த்தனர். 2001-இல் இந்திய உச்ச நீதிமன்றம் நாடெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த மதிய உணவு வழங்க ஆணையிட்டது. 2022-இல் தமிழக அரசு காலை உணவையும் தொடங்கிற்று. ஒருகாலத்தில் கொள்கையின்மைக்குச் சான்றாகக் காட்டப்பட்ட திட்டத்தைப் பின்னர் எக்கட்சியும் மறுக்க இயலவில்லை.

கொள்கை அறிவிப்பின் அழகால் நிற்பதில்லை. அறிவித்தவரின் புகழாலும் நிற்பதில்லை. அவர் இல்லாத நாளில், அவரை விரும்பாதவர் கையிலும் அது தொடர்ந்து நடக்குமாயின் அதுவே கொள்கை. இவ்வளவையில் எம்.ஜி.ஆர். கொள்கையற்றவர் என்பது முழு உண்மையன்று. தெளிந்த கொள்கையாளர் என்பதும் முழு உண்மையன்று. பசியைப்பற்றி அவருக்கு ஐயமற்ற கொள்கை இருந்தது. அதற்கு அப்பாற்பட்ட பலவற்றில் அவரது நெஞ்சின் ஈரமே கொள்கையின் இடத்தை நிரப்பிற்று. ஈரம் நெஞ்சோடு மறையும். மணியடித்ததும் தட்டோடு வரிசையில் அமரும் குழந்தைக்கு அவர் பெயர் தெரிந்திருக்கவேண்டிய தேவையில்லை. அவ்வாறு தேவையற்றுப் போனதே அவர் செய்தவற்றுள் தலைசிறந்தது எதுவென்பதை உணர்த்துகின்றது.